ஒரு விரற்கடை உயரத்திலேயே வந்த லேத்

வீட்டின் பின்பக்கம் கட்டியிருந்த சிறு பட்டறைக்குள் பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றைக் கொண்டுசேர்க்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது; அதற்கான ஆயத்தங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. இந்தக் கணக்கைக் கேட்டு, இவ்வளவு தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளில் ஒருவர் விரலிலும் கீறல் விழாததற்கும், இயந்திரத்தின் வார்ப்பிரும்பில் ஒரு சில்லுகூடப் பெயராததற்கும் அந்த ஐந்து வாரம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆகவே இந்தப் பதிவில் நகர்த்தியதைவிட ஆயத்தத்தைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

இயந்திரம், கடைய வேண்டிய தண்டைப் பிடிக்கும் இரண்டு மையங்களுக்கிடையே 1,000 மி.மீ. நீளம் கொண்ட சாதாரண லேத். பெயர்த்தகட்டில் எடை 1,150 கிலோ என்று பொறித்திருந்தது. மொத்த நீளம் 1.9 மீட்டர். ஆனால் அது நிற்கும் இரண்டு வார்ப்பிரும்புக் கால்களின் முன்பின் அகலமோ வெறும் 45 செ.மீ. என்னைத் தூங்கவிடாமல் செய்தது எடையன்று, இந்த 45 செ.மீ. தான். ஹெட்ஸ்டாக் (ஒரு முனையில் இருக்கும் தலைப்பெட்டி), அதற்குள் இருக்கும் கியர்கள், சுழலும் தண்டான ஸ்பிண்டில், எல்லாவற்றையும் தாங்கும் நீண்ட படுகையான பெட் ஆகிய கனமான பாகங்கள் எல்லாம் மேலே இருக்கின்றன. கீழே இருப்பவை உள்ளே குடைவான கால்கள். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று கொண்டால், முன்பக்கமோ பின்பக்கமோ சுமார் 17 பாகை சாய்ந்ததும் இயந்திரம் கவிழ்ந்துவிடும். அதாவது கால்களின் முன்விளிம்போ பின்விளிம்போ 13 செ.மீ. உயர்ந்தால் போதும். ஒரு சாணுக்கும் குறைவான உயரம் அது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு நான்கு பேர் சேர்ந்து பிடித்தாலும் நிறுத்த முடியாது. பிடிக்க முயல்பவர்தான் அடியில் சிக்குவார்.

எடையை ஜாக்கியும் கடப்பாரையும் உருளைகளும் சுமந்துகொள்ளும். அவற்றுக்கு 1 டன் பெரிய சுமையே இல்லை. நாம் கவலைப்பட வேண்டியது இரண்டே விஷயங்களைத்தான்: இயந்திரம் எவ்வளவு அகலத்தில் நிற்கிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழக்கூடும். முதலாவதற்காக மரச்சட்டம் ஒன்றைச் செய்தேன். இரண்டாவதற்காக ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இயந்திரத்தின் எந்தப் பகுதியும் தனக்கு அடியில் உள்ள திடமான முட்டிலிருந்து ஒரு விரற்கடைக்கு மேல் உயரக் கூடாது. ஒரு விரற்கடை தூக்கினால் ஒரு விரற்கடைப் பலகையைச் செருகிவிட வேண்டும். அதன் பிறகே அடுத்த விரற்கடை. ஜாக்கி கசிந்தாலும், கடப்பாரை வழுக்கினாலும், இயந்திரம் விழுவதற்கு இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

சட்டம் எளிமையானது. 10 செ.மீ. சதுரமுள்ள, முடிச்சில்லாத இரண்டு மரத்துண்டுகளை 90 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு கால்களின் அடியிலும் குறுக்காக வைத்து, அடித்தள போல்ட்டுகளுக்கென்று கால்களிலேயே இருந்த துளைகளின் வழியாக முடுக்கினேன். அவற்றின் அடியில், 7.5 செ.மீ. உயரமும் 2.2 மீட்டர் நீளமும் கொண்ட இரண்டு சறுக்குக் கட்டைகளை நெடுக்காகப் பொருத்தினேன். வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 90 செ.மீ.; பட்டறை வாசலின் அகலம் 110 செ.மீ. என்பதால் தாராளமாக நுழையும். சட்டத்தால் ஈர்ப்பு மையம் 17.5 செ.மீ. மேலே போனது உண்மைதான். ஆனால் அடித்தளம் இரட்டிப்பானதால், கவிழும் கோணம் 17 பாகையிலிருந்து ஏறக்குறைய 26 பாகைக்கு உயர்ந்தது. சறுக்குக் கட்டைகளின் முனைகளைப் படகின் மூக்குபோலச் சற்றுச் செதுக்கி வைத்தேன். இல்லாவிட்டால் உருளைக் குழாய் அடியில் நுழையாமல் முட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்து, கழற்றக்கூடியவற்றை எல்லாம் கழற்றினேன். சக் (கடைய வேண்டிய துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடி), டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பாகம்), மோட்டார், வெட்டுளியைப் பிடித்து நகர்த்தும் காம்பவுண்டு ஸ்லைடு, டூல்போஸ்ட் எல்லாம் சேர்ந்து 130 கிலோ. வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக எடை பார்த்தேன். சக்கை அவிழ்க்கும்போது அதன் அடியில் பெட்டின் மீது ஒரு பலகையைப் போட்டு வைப்பதை யாரும் மறக்கக் கூடாது. 30 கிலோ சக் நழுவி வழித்தடத்தின் மேல் விழுந்து ஏற்படுத்தும் பள்ளத்தை அந்த இயந்திரம் ஆயுள் முழுவதும் சுமக்கும். கியர்ப் பெட்டியின் எண்ணெயை வடித்தேன். பெட்டின் மேல் நெடுக ஓடி வெட்டுளியைக் கொண்டுசெல்லும் கேரேஜை நகராதபடி பூட்டினேன். இழைத்த பரப்புகள் அனைத்திலும் கெட்டியான எண்ணெயைப் பூசி எண்ணெய்த்தாளால் மூடினேன்.

இப்போது எஞ்சிய எடை 1,020 கிலோ. இதன் ஈர்ப்பு மையம் நீளவாக்கில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட்டுவிட்டுத் தூக்கும் வாரை மாட்டுவதைப் பலர் செய்கிறார்கள். பக்கத்து வீட்டில் வசிக்கும், நாற்பது ஆண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அதை ஏற்கவே மாட்டார். "தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, தெரிந்துகொண்டு தூக்குவதுதான் மேல், தம்பி" என்றார். அவர் சொன்னபடியே, இயந்திரத்தை வாங்கிய இடத்திலேயே, ஹெட்ஸ்டாக் இருக்கும் தலைப்பக்கக் காலைத் தரையில் விட்டுவிட்டு, எதிரே உள்ள வால்பக்க முனையை மட்டும், தொங்கு தராசு மாட்டிய செயின் பிளாக்கால் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) ஒரு விரற்கடை தூக்கினோம். தராசு 290 கிலோ காட்டியது. தரையில் ஊன்றியிருந்த இடத்துக்கும் தூக்கிய இடத்துக்கும் இடையே 1.5 மீட்டர். 290-ஐ 1.5-ஆல் பெருக்கி 1,020-ஆல் வகுத்தால் 0.43 வருகிறது. அதாவது ஈர்ப்பு மையம் தலைப்பக்கக் காலிலிருந்து 43 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, நடுவிலிருந்து வெகுவாக விலகி, ஹெட்ஸ்டாக்கை ஒட்டியே இருக்கிறது. சாக்பீஸால் பெட்டின் மேல் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு நேர்மேலே கொக்கி வர வேண்டும்.

வார்களைப் பெட்டின் உள்விலாக்களின் வழியாகக் கோத்தோம். முன்பக்கத்தில் ஓடும், கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவையும் ஃபீடு கம்பியையும் வார் தொட்டால் அவை வளைந்துவிடும் என்பதால், பெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மரக்கட்டைகளை அணைத்து வைத்து வாரை அவற்றின் மேல் வெளியே தள்ளினோம். வாரின் கோணமும் முக்கியம். இரண்டு கால்களாகப் பிரியும் வார், கிடைமட்டத்துக்கு 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலுக்கும் 590 கிலோ இழுவிசை வரும். 45 பாகையில் 720 கிலோ. 30 பாகைக்குத் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு காலும் 1,020 கிலோவையும் தனியாகத் தூக்குவதுபோல் இழுபடும். வார் குட்டையாக இருந்தால் கோணம் தாழும். ஆகவே நீளமான வாரையே கேட்டு வாங்கினேன்.

முதல் முறை தூக்கியபோது வால்பக்கம் சற்று முந்தி எழுந்தது. இறக்கிவிட்டு, 80 கிலோ எடையுள்ள கேரேஜை வால்பக்கமாக 40 செ.மீ. நகர்த்திப் பூட்டினோம். இதனால் மொத்த ஈர்ப்பு மையம் 3 செ.மீ. வால்பக்கம் நகரும். மறுபடி தூக்கியபோது நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒன்றாகத் தரையை விட்டன. அந்த நிலையில் ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடாமல் நின்று பார்த்தோம். வாகனத்தில் ஏற்றியதும், கட்டியதும், வீட்டு முற்றத்தில் இறக்கியதும் சொல்லும்படி எதுவும் இல்லாமல் முடிந்தன.

முற்றத்திலிருந்து பட்டறைக்கு 14 மீட்டர். கான்கிரீட் தளம், பிறகு 5 மீட்டர் மண்தரை, அதன் பிறகு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும் 3 மீட்டர், கடைசியில் 9 செ.மீ. உயரமுள்ள வாசற்படி.

உருளைகளாக 48 மி.மீ. வெளிவிட்டமுள்ள, தடித்த சுவர் கொண்ட ஐந்து இரும்புக் குழாய்களை வைத்திருந்தேன். முதலில் கையில் கிடைத்த மெல்லிய குழாயில் சோதித்துப் பார்த்ததில், அரை மணி நேரத்துக்குள் அது முட்டை வடிவத்துக்கு நசுங்கி உருளாமல் நின்றுவிட்டது. குழாய்கள் வட்டமாக இருந்து தரையும் கடினமாக இருந்தால், சட்டத்தோடு சேர்த்து 1,100 கிலோ எடையைத் தள்ள 30 கிலோ அளவு விசையே போதும். இரண்டு பேர் தோள் கொடுத்தாலே நகரத் தொடங்கிவிடும். முதன்முறை செய்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்: நகராது என்று நினைத்து முழுபலத்தோடு தள்ளுகிறார்கள், அது ஓடிவிடுகிறது. எனவே நாங்கள் தோளால் தள்ளவே இல்லை. பின்முனையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியே நகர்த்தினோம். கடப்பாரை ஒரு நெம்புக்கு ஐந்தாறு செ.மீ.தான் தள்ளும், கையை எடுத்ததும் இயந்திரம் நின்றுவிடும். உருளை ஒரு மீட்டர் நகர்ந்தால் இயந்திரம் இரண்டு மீட்டர் நகரும் என்பதால் பின்னால் வெளிப்படும் குழாயை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே வர வேண்டும். திருப்ப வேண்டிய இடத்தில் முன்குழாயின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டிக் கோணலாக்கினால், இயந்திரம் தானாக அந்தப் பக்கம் திரும்பும். குழாயைச் செருகுவதற்குக் கையைப் பயன்படுத்தக் கூடாது, குச்சியால்தான் தள்ள வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பேசும் ஒழுங்கையும் அப்போதே வகுத்தோம். நகர்த்தச் சொல்பவர் பெரியவர் ஒருவர் மட்டுமே. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. 1586-இல் வத்திக்கானில் 300 டன்னுக்கும் அதிக எடை கொண்ட எகிப்தியக் கல்தூணை டொமினிக்கோ ஃபொன்தானா இடம் மாற்றியபோது, தொள்ளாயிரம் பேருக்குமேல் வேலை செய்த அந்த இடத்தில் எக்காள ஒலிக்கு இழுப்பதும் மணி ஒலிக்கு நிறுத்துவதும்தான் ஒழுங்காக இருந்தது. மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. நாங்கள் நான்கே பேர். ஆனால் பாரத்தின் அருகே இரண்டு குரல் ஒரே நேரத்தில் எழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேர் எண்ணிக்கை ஒரு பொருட்டில்லை.

மண்தரையில் குழாய் புதைந்துவிடும் என்பதால், இரண்டு ஜோடி இரும்புச் சேனல்களைத் தண்டவாளம்போல மல்லாக்கப் போட்டு, பின்ஜோடியை முன்னால் மாற்றி மாற்றிக் கடந்தோம். சரிவில் இறங்குவதற்கு முன், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து நிறுத்திய வண்டி ஒன்றோடு, கம்பியைக் கையால் சுற்றி இழுக்கவும் தளர்த்தவும் உதவும் வின்ச்சை மாட்டி, அதன் கம்பியைச் சட்டத்தின் பின்முனையில் கட்டினோம். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் 1,100 கிலோ கொடுக்கும் இழுவை சுமார் 90 கிலோ. வின்ச்சுக்கு அது எளிது, மனிதக் கைக்கு எளிதன்று. கம்பியைப் பல் பல்லாகத் தளர்த்திக்கொண்டே இறங்கினோம். 3 மீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது.

தவறு நடந்தது அதன் பிறகுதான். சரிவு முடிந்து வாசலுக்கு முன் இருந்த தளத்துக்கும் சரிவுக்கும் இடையில் 4 செ.மீ. அகலத்தில் ஓர் இடைவெளி இருந்தது. அதை நான் அளந்திருந்தேன், குறித்தும் வைத்திருந்தேன். ஆனால் அன்று மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மூடவேண்டிய தகட்டைப் போடாமலே நகர்த்தச் சொல்லிப் பெரியவரிடம் தலையசைத்துவிட்டேன். முன்குழாய் அந்தப் பிளவில் இறங்கியது. இயந்திரம் நின்றது. பின்னால் கடப்பாரையோடு இருந்த என் மைத்துனருக்கு அது தெரியவில்லை. "அத்தான், இன்னும் ஒரு நெம்பு கொடுக்கட்டுமா?" என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்வதற்குள் அந்த நெம்பு விழுந்துவிட்டது. முன்முனை சாய்ந்தது. வறண்ட விறகு முறிவதுபோல ஓர் ஓசை கேட்டது, அவ்வளவுதான். முன்னே போய்க் குனிந்து பார்த்தேன். சறுக்குக் கட்டைக்கு அடியில் நாங்கள் உடன் இழுத்துக்கொண்டே வந்த தாங்கு பலகையின் மேல் இயந்திரம் உட்கார்ந்திருந்தது. பலகையின் விளிம்பில் மட்டும், நாணய அளவுக்கு மரநார்கள் நசுங்கி, உள்ளிருந்து புதிய மஞ்சள் நிறம் தெரிந்தது. ஹெட்ஸ்டாக் இறங்கிய தூரத்தைப் பிறகு அளந்தேன்: 18 மி.மீ. அந்தத் தாங்கு பலகையை ஒவ்வோர் அடிக்கும் நகர்த்த வேண்டியிருந்ததால் வேலை தாமதமாகிறது என்று மதியம் சற்று அலுத்துக்கொண்டவனும் நான்தான்.

அன்று அதோடு நிறுத்தினோம். சறுக்குக் கட்டைகளின் அடியில் முட்டுக் கொடுத்து, ஆப்பு இறுக்கி, தார்ப்பாயால் மூடிவிட்டுப் போனோம். களைத்த பிறகு செய்யும் கடைசி ஒரு மணி நேர வேலைதான் விபத்தைக் கொண்டுவருகிறது என்பது என் கருத்து. இயந்திரம் இரவு முழுவதும் வெளியே இருப்பதில் பெரிய நட்டம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை 6 மி.மீ. தகட்டால் பிளவை மூடி, கடப்பாரையால் முன்முனையை எழுப்பிக் குழாயை மீட்டோம். 1.5 மீட்டர் கடப்பாரைக்கு முனையிலிருந்து 7 செ.மீ. தள்ளி அண்டை கொடுத்தால், கையால் கொடுக்கும் விசை இருபது மடங்காகிறது. தலைப்பக்க முனையில் இறங்கும் பாரம் 770 கிலோ என்றால் 38 கிலோ அழுத்தமே போதும்; ஒருவர் உடம்பைச் சாய்த்தால் எழுந்துவிடும். வாசற்படியின் 9 செ.மீ. உயரத்தையும் இப்படியேதான் ஏறினோம். ஒரு முனையை 2 செ.மீ. எழுப்பிப் பலகை, மறுமுனையை 2 செ.மீ. எழுப்பிப் பலகை. பலகைகளை நெடுக்கும் குறுக்கும் மாற்றி அடுக்கினால்தான் அடுக்கு நழுவாது. படிமட்டத்துக்கு வந்ததும் அடுக்குகளுக்கும் படிக்கும் பாலமாகச் சேனல்களைப் போட்டு உள்ளே உருட்டினோம்.

உள்ளே தரைக்குக் கான்கிரீட் போட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால் அதற்கு முன் பாரம் ஏற்ற வேண்டாம் என்று காத்திருந்தேன். 10 செ.மீ. சதுரமுள்ள நான்கு தாங்கு தகடுகளின் மேல் 1,150 கிலோ நின்றால் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 3 கிலோகூட வராது. நல்ல கான்கிரீட் இதைப்போலப் பல மடங்கு தாங்கும். தரைக்கு அடியில் மண் நன்றாகத் திமிசு போட்டு இறுகியிருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி.

ஏற்றுவதைவிட இறக்குவதுதான் எனக்கு அதிக அச்சத்தைத் தந்தது. சட்டத்தை உருவ வேண்டுமானால் 17.5 செ.மீ. கீழே வர வேண்டும். சட்டம் போன பிறகு கால் அகலம் மறுபடி அதே 45 செ.மீ. இதற்காகச் சட்டத்தைக் கழற்றும் முன்பே இயந்திரத்தின் முன்னும் பின்னும் தரையில் ஆங்கர் போல்ட் இறக்கி, பெட்டிலிருந்து ராட்செட் வார்களை நான்கு பக்கமும் கட்டினோம். ஒரு பலகை உருவும்போதெல்லாம் வாரை ஒரு பல் இறுக்கி, ஒரு முனை, மறுமுனை என மாறி மாறி இறக்கினோம். கடைசிப் பலகை வெளியே வந்து, கால் தகட்டின் மேல் அமர்ந்தபோது, தரை வழியாகப் பாதத்தில் ஒரு மெல்லிய அதிர்வு தெரிந்தது. பெரியவர் ஹெட்ஸ்டாக்கின் மேல் கையை வைத்தபடி சற்று நேரம் பேசாமல் நின்றார்.

வேலை அதோடு முடிந்துவிடவில்லை. லேத்தின் பெட் எவ்வளவு தடித்த வார்ப்பிரும்பாக இருந்தாலும், இரண்டு கால்களின் நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் நில்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். கொத்தனார் ரசமட்டம் இதற்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் இயந்திர மட்டத்தை இரவல் வாங்கினேன். தலைப்பக்கமும் வால்பக்கமும் பெட்டின் குறுக்காக வைத்துப் பார்த்து, குமிழி இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில் நிற்கும் வரை, கால்களின் அடியில் செருகும் மெல்லிய சிம் தகடுகளை மாற்றினேன். பிறகு வெட்டிப் பார்த்தேன். 40 மி.மீ. தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, மறுமுனைக்குத் தாங்கல் கொடுக்காமல், 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை விட்டு, ஒரே அமைப்பில் மெல்லிய சீவலாக இரண்டையும் கடைந்தேன். சக்கிலிருந்து தள்ளியிருந்த வளையம் 0.03 மி.மீ. பெரிதாக வந்தது. அப்படியானால் வால்பக்கம் போகப் போக வெட்டுளி அச்சிலிருந்து முன்னோக்கி விலகுகிறது என்று பொருள். வால்பக்கக் காலின் முன்மூலைக்கு அடியில் 0.2 மி.மீ. சிம் சேர்த்ததும் வேறுபாடு 0.005 மி.மீ.க்குள் வந்தது.

மூன்று வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்தேன். வேறுபாடு 0.015-க்குப் போயிருந்தது, தகடுகள் அழுந்தித் தரையோடு படிந்ததன் விளைவு அது. இன்னொரு 0.05 மி.மீ. சிம் போட்டேன். அதற்கடுத்த மாதம் பார்த்தபோது அளவு மாறவில்லை. அதன் பிறகுதான் கால்களின் அடித்தள போல்ட்டுகளை முழுவதுமாக முடுக்கினேன்.